வாய் இல்லாத கரை

வரிசையாகச் சொல்கிறேன், தம்பி. வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும். நீங்கள் பாட்டுக்கு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுங்கள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் போதும்.

முதலாவது அநீதி, பட்டா. நாலு பக்கமும் கொள்ளிடம், நடுவில் இந்த நாணல்திட்டு. என் பாட்டன் இங்கே வாழை வைத்தான். அவனுடைய அப்பன் இங்கேதான் புதைந்து கிடக்கிறான். ஆனால் சர்க்கார் பதிவில் இது ஊர் இல்லை, ஆற்றுப் புறம்போக்கு. "நாங்கள் குடியிருக்கும் இடத்துக்கு ஆறு என்று பெயர் வைத்தால் எங்களுக்கு என்ன பெயர்? கெண்டையா, கெளுத்தியா?" என் முதல் துண்டறிக்கையின் முதல் வரி அது. இன்றைக்கும் மனப்பாடம்.

இரண்டாவது, வடகரை. அந்தப் பக்கத்து ஊர்கள் பெரியவை, ஓட்டு அதிகம். அவர்கள் கரையை ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்திக் கொடுத்தார்கள். ஆறு என்ன செய்யும்? உயர்ந்தவன் மேல் ஏற முடியாவிட்டால் தாழ்ந்தவன் மேல் ஏறும். ஆறும் மனிதனைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

மூன்றாவது, மணல். குவாரி என்று ஒன்றைத் திறந்து ஆற்றின் அடிவயிற்றைத் தோண்டி எடுத்தார்கள். பள்ளத்தைத் தேடி ஆறு திரும்பியது. திரும்பிய வேகத்தில் எங்கள் மேற்கு முனையைப் பிட்டுப் பிட்டுத் தின்றது. அப்போதுதான் நான் லாரிப் பாதையில் படுத்தேன். குறுக்கே, வடக்கே தலை வைத்து. "வடக்க தல வெக்காதீங்க தோழர், ஆவாது" என்றான் எங்கள் ஊர்ப் பக்கிரி. "லாரிக்குத் திசை தெரியாதுடா" என்றேன். ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே என்னைச் சுற்றி உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதுவே இந்தத் திட்டின் வழக்கம். உத்திராபதி படுத்தால் ஊர் உட்காரும்.

அன்றைய தடியடியில் பக்கிரிக்கு இடுப்பு போனது. அதற்குப் பிறகு அவன் தானாக எழுந்து நடந்ததில்லை. அவன் கால்கள் போராட்டத்துக்குப் போன கால்கள். அதைத் தனித் துண்டறிக்கையாகவே போட்டேன், படத்தோடு.

நான்காவது, எச்சரிக்கை. மேலே அணையைத் திறந்தால் டவுனுக்குச் சொல்வார்கள், சாலையோரத்து ஊர்களுக்கு ஆட்டோவில் சொல்வார்கள். எங்களுக்குத் தண்ணீரே வந்து சொல்லும்.

ஐந்தாவது, மாற்று இடம். உப்பு பூத்த நிலத்தில் வீட்டுக்கு மூன்று சென்ட். போய்ப் பார்த்தோம். அஞ்சம்மாள் ஒரு பிடி மண்ணை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாள். "ஊறுகா போடலாம், வேற எதும் போட முடியாது" என்றாள். அஞ்சம்மாள் பக்கிரியின் பெண்சாதி. அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன். அவள் ஏழாவது.

குழாயை இன்னும் மேலே கட்டுங்கள். கிழக்கே பார்த்துத் திருப்புங்கள். அக்கரையில் கூடாரத்தில் வெள்ளத்தில் வீடு போன எங்கள் ஆட்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும்.

என்னைத் தெரியாதா உங்களுக்கு? எந்த ஊர்? அதுதானே. இந்தப் பக்கம் உத்திராபதி என்று சொன்னால் ஆபீசில் நாற்காலி தானாக நகரும். ஸ்டேஷனில் புதிதாக வந்த ஏட்டுகூட என்னைக் கேட்காமலே "பஞ்சநாதன் மகன் உத்திராபதி" என்று எழுதத் தொடங்கிவிடுவான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில். பிறர் போட்டதைப் படித்தேன், பிறகு நானே போட்டேன். இரண்டு கட்சிகள் என்னை நீக்கின. நீக்குவதற்கு முன்பே நான் இரண்டையும் விட்டிருந்தேன்.

என் ஒவ்வொரு அறிக்கையும் ஒரே வரியில்தான் முடியும். குற்றவாளியின் பெயரைச் சொல்! ஏனென்றால் அவர்கள் பெயர் சொல்லமாட்டார்கள், தம்பி. எத்தனை வெள்ளம், எத்தனை சாவு. எல்லாவற்றுக்கும் "இயற்கைப் பேரிடர்" என்று எழுதி மூடிவிடுவார்கள். இயற்கையைக் கூண்டில் ஏற்ற முடியுமா? பெயர் வேண்டும். தகப்பன் பெயரோடு, ஊர் பெயரோடு. இன்றைக்கு அது நடக்கப் போகிறது. அதனால்தான் உங்கள் மைக் செட்டுக்கு நானே ஆள் அனுப்பினேன்.

ஆறாவதைக் கேளுங்கள்.

நாம் இப்போது நிற்கிறோமே, இந்தச் சுற்றுக்கரை, இது நான் வாங்கியது. திட்டைச் சுற்றி ஒரு கரை கட்டிக்கொடு என்று எத்தனை மறியல், எத்தனை உண்ணாவிரதம். மூன்று தடவை சிறை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். உத்தரவு வந்த அன்று பெண்கள் எனக்கு மல்லிகையை மாலையாகக் கட்டிப் போட்டார்கள். விற்கிற பூவைச் சும்மா யாருக்கும் கொடுக்காத ஊர் இது.

வேலையைப் பார்க்க ஒரு உதவிப் பொறியாளர் வந்தார். ஏசுவடியான் என்று பெயர், தெற்கத்தி ஆள். மெதுவாகப் பேசுவார். வரைபடத்தை விரித்தார். கிழக்கு முனையில் கரையில் ஒரு இடைவெளி. பலகை போட்டு மூடலாம், திறக்கலாம். "இது என்ன?" என்றேன். "வடிகால் வாய்ங்க ஐயா. மேல இருந்து தண்ணி உள்ள வந்துட்டா வெளிய போக வழி வேணும்ல" என்றார்.

எங்களுக்கு வாய் தெரியாதென்றா நினைத்தார்? முன்பு வயலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணணை இருந்தது. அதில் கிழக்கே ஒரு வாய் உண்டு. ஆறு ஏறும்போது வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்போம். உள்ளே தண்ணீர் நின்றால் வெட்டித் திறப்போம். யார் வேண்டுமானாலும் திறக்கக் கூடாது. கடைசித் தாழ்வில் யார் வயல் இருக்கிறதோ அவர்கள் வீட்டுப் பெண்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். முதலில் முழுகுவது அவள் வயல்தானே, அவளுக்குத்தான் எப்போது திறப்பது என்று தெரியும் என்று ஒரு கணக்கு. கடைசித் தாழ்வு பக்கிரியின் வயல். அப்படியென்றால் உரிமை அஞ்சம்மாளுக்கு.

அதெல்லாம் பழைய காலம், தம்பி. கையாலாகாத காலத்து ஏற்பாடு. நான் கேட்டது கரை. முழுக் கரை. நான் கூட்டத்தில் எழுந்து ஏசுவடியானைப் பார்த்துக் கேட்டேன்: "வடகரையில் வாய் வைத்தீர்களா? இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன்? வெள்ளம் உள்ளே வரும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுதானே வெளியே போக வழி வைக்கிறீர்கள்? அப்படியானால் எதற்குக் கரை? வீடு கட்டும்போதே பாடைக்கு அளவெடுக்கிறீர்களா?"

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் "ஓட்டை வைத்த கரை ஒழிக" என்றேன். ஊர் "ஒழிக" என்றது. அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். அஞ்சம்மாள் மட்டும் எழுந்தாள். "தோழர், அந்தாளு சொல்றதுல ஞாயம் இருக்கு. மூடி வெச்சுக்கத்தானே சொல்றாரு? சட்டிக்குக்கூட சாய்க்கிறதுக்கு ஒரு பக்கம் வேணும்" என்றாள். "அஞ்சம்மா, நீ யார் பக்கம்?" என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முன்னால் அவள் அந்த ஆளோடு கரை முழுக்க நடந்து பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். பழைய வாய் இருந்த இடத்தைக் காட்டியிருக்கிறாள். நல்லவள்தான். என்னோடு சிறைக்குப் போனவள். ஆனால் அதிகாரி மரியாதையாகப் பேசினால் ஏழைகளுக்கு மனம் இளகிவிடும், அதுதான் அவர்கள் பலவீனம்.

வாய் இல்லாமல் கரை எழுந்தது. இதுதான் ஆறாவது அநீதி. என்ன பார்க்கிறீர்கள்? வாய் வைக்கப் பார்த்ததைச் சொல்லவில்லை, வைக்காமல் விட்டதைச் சொல்கிறேன். நான் யோசித்துச் சொல்கிறேன். அந்த ஏசுவடியான் படித்தவர். வாய் வேண்டும் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் என் பேச்சுக்கு ஏன் அடங்கினார்? ஒரு கிழவன் கத்தினால் வரைபடத்தைச் சுருட்டிக்கொள்வதா? என்னை மீறி வைத்திருக்க வேண்டாமா? அடங்கினார் பாருங்கள், அதுதான் குற்றம். அந்தப் பெயரைத்தான் நான் மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டீ வந்திருக்கிறது, குடியுங்கள். எனக்கு வேண்டாம். எனக்குக் கொண்டுவரவும் மாட்டார்கள். சில நாட்களாக ஊரில் என்னிடம் யாரும் பேசுவதில்லை. பயம். பெரிய மனிதன் பெயரை வாசிக்கப் போகும்போது சின்ன ஜனங்களுக்குப் பயம் வரும். நான் பார்க்காததா?

ஏழாவது.

ஐப்பசியில் ஆறு வந்தது. நாங்கள் கரைமேல் நின்று பார்த்தோம். வெளியே செம்மண் நிறத்தில் சுழன்று ஓடுகிறது, உள்ளே எங்கள் வீடுகள் நனையாமல் நிற்கின்றன. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். ஒருவன் "தோழர் கட்டுன கோட்டடா" என்று கத்தினான். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை ஒரு சுற்று வந்தேன்.

மறுநாள் மத்தியானம் மேற்கு முனையில் கரை பிளந்தது. மணல் தோண்டிய இடம் அது. மூன்றாவது அநீதி என்று சொன்னேனே, அது அங்கே வந்து நின்றது. ஒரு வண்டி நுழைகிற அளவுக்குத்தான் முதலில். பிறகு வீடே நுழைகிற அளவு. எல்லாரும் ஆடு மாடுகளோடு இந்தக் கிழக்குக் கரையில் ஏறிவிட்டோம். உள்ளே நிறைந்துகொண்டே வந்தது. கிண்ணத்தில் ஊற்றுகிற மாதிரி. கிழக்கே வெளியில் ஆறு ஒரு முழம் கீழே ஓடுகிறது, உள்ளே ஒரு முழம் மேலே நிற்கிறது. நடுவில் இந்தக் கரை, நாம் நிற்கிற இந்த இடம்.

பக்கிரியை மட்டும் வீட்டுக்குள் பரணில் ஏற்றிவைத்திருந்தார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டு இரண்டாவது நடையில் அவனைத் தூக்கிவரலாம் என்று இருந்தார்கள். அதற்குள் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

அஞ்சம்மாள் மண்வெட்டியோடு வந்தாள். பின்னால் நாலைந்து ஆண்கள், அவர்கள் கையிலும் மண்வெட்டி.

"தோழர், நவுருங்க. வெட்டணும்."

"எதை வெட்டுவது?"

"கரைய. வாய் தொறக்கணும். எங்க வயலு கடசித் தாழ்வு. மொத வெட்டு என்னுது."

நான் சொன்னேன்: "அஞ்சம்மா, நிதானமாகக் கேள். அவர்கள் கட்டின கரை, அவர்கள் தோண்டின இடத்தில் உடைந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நம் கையில் சாட்சியம் இருக்கிறது. நாம் ஒரு பிடி மண்ணை வெட்டினாலும் நாளைக்கு என்ன எழுதுவார்கள்? பொதுமக்கள் கரையை வெட்டியதால் வெள்ளம் புகுந்தது என்று எழுதுவார்கள். அதிகாரி வந்து பார்க்கும்வரை இந்தக் கரை இப்படியே நிற்க வேண்டும்."

"என் வூட்டுக்காரரு பரண்ல இருக்காரு தோழர்."

"படகு வரும்."

"எப்ப வரும்?"

"சொல்லியனுப்பியிருக்கிறேன்."

அவள் என்னை விட்டுத் திரும்பினாள். பிறகு அந்த ஆண்களிடம் "வெட்டுங்கடா" என்றாள். ஒருவன் ஓங்கினான்.

நான் படுத்துவிட்டேன். இதோ, இந்த இடத்தில், கரையின் குறுக்கே. "வெட்டுவதென்றால் என்மேல் வெட்டு" என்றேன். இந்த வயதில் ஈரக் கரையில் படுக்கிற உறுதி எத்தனை பேருக்கு இருக்கும்? நான் படுத்ததும் என்ன நடந்தது தெரியுமா? உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் உட்கார்ந்தாள், ஆட்டுக் கயிற்றைப் பிடித்தவன் உட்கார்ந்தான். என்னைச் சுற்றி ஊரே உட்கார்ந்துவிட்டது. அத்தனை வருஷப் பயிற்சி! மண்வெட்டி வைத்திருந்தவர்கள்கூட உட்கார்ந்தார்கள். ஒரு இயக்கம் என்றால் அதுதான், தம்பி. அந்த வெள்ளத்திலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நின்றது அஞ்சம்மாள் ஒருத்திதான். "எந்திரிங்கடா, எந்திரிங்கடி" என்றாள். யாரும் எழவில்லை. "பேசறதுக்கு ஆயிரம் வாய் வேணும் இந்தாளுக்கு, தண்ணி போறதுக்கு ஒண்ணு தரமாட்டாரு" என்றாள். மண்வெட்டியைக் கீழே போட்டாள். வெட்டிப் போட்டிருந்த வாழைமரம் மூன்றைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினாள். அதைத் தள்ளிக்கொண்டு கரையின் உட்பக்கமாகத் தண்ணீரில் இறங்கினாள். நான் படுத்துக்கொண்டே கூப்பிட்டேன். "அஞ்சம்மா, கட்டுப்பாடு, கட்டுப்பாடு!" என்றேன். காதில் விழவில்லை.

பக்கிரியைப் பரணிலிருந்து இறக்கி அந்தத் தெப்பத்தில் கிடத்திவிட்டாள். அது அவன் வாயால் சொன்னது. வாசலுக்கு வெளியே தெப்பத்தைத் தள்ளியிருக்கிறாள். "போங்க, புடிச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறாள். மண்சுவர் ஊறியிருந்தது. தெப்பத்துக்குப் பின்னால் அவள்மேல் சரிந்தது. தெப்பம் மட்டும் மிதந்து வந்தது. எங்கள் ஆட்கள்தான் குதித்து இழுத்தார்கள்.

படகு மறுநாள் வந்தது. தண்ணீர் வடிய வழியில்லாமல் பல நாள் நின்றது. சுவருக்கு அடியிலிருந்து அவளை எடுத்தபோது... வேண்டாம். அதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

கரை அப்படியே நின்றது. ஒரு பிடி மண் குறையவில்லை. அதிகாரிகள் வந்து அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகுதான் என் கடைசிப் போராட்டத்தைத் தொடங்கினேன். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன், தனியாக. ஊர் துக்கத்தில் இருந்தது, யாரும் உடன் வரவில்லை. மூன்று கோரிக்கை. ஒன்று, விசாரணை ஆபீஸ் அறையில் கூடாது, இந்தத் திட்டில், மக்கள் நடுவில் நடக்க வேண்டும். இரண்டு, சாட்சிகள் சொன்னதைச் சாட்சிகளுக்கே ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்று, அஞ்சம்மாள் சாவுக்குக் காரணமானவன் பெயரை, கோர்ட்டில் அழைப்பது போல, மூன்று தரம் வாசிக்க வேண்டும். புதிதாக வந்த பெண் அதிகாரி மனுவை இரண்டு தரம் படித்தார். "நிச்சயமா இதுதான் உங்க கோரிக்கையா ஐயா?" என்றார். "ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சாட்சி சொல்கிறவர்கள் தடுமாறக் கூடாதே என்று நானே வாக்குமூலம் எழுதிக் கொண்டுபோனேன். பக்கிரியிடம் படித்துக் காட்டினேன். அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். "வெச்சுட்டுப் போங்க தோழர். எனக்குத் தெரிஞ்சத நானே சொல்லிக்கறேன்" என்றான். அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள், நாங்களே சொல்லிக்கிறோம் என்று. நல்லதுதான். மக்கள் சொந்தமாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் நானும் இத்தனை வருஷம் எழுதிவந்தேன்.

அதோ, அதிகாரிகளின் படகு. வந்துவிட்டார்கள். மைக்கைத் தட்டிப் பாருங்கள். ஆ, நல்ல சத்தம். எதிர்க்கரையில் மோதித் திரும்பி வருகிறது பாருங்கள்.

பக்கிரியை நாற்காலியோடு தூக்கிவருகிறார்கள். பக்கிரி! இந்தப் பக்கம்டா! பார்க்கவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது.

எல்லாரும் ஏன் அந்தப் பக்கமே போய் உட்காருகிறார்கள்? நிழல் இங்கேதானே இருக்கிறது. போகட்டும்.

அந்தப் பெண் அதிகாரி வாசிக்கத் தொடங்கிவிட்டார். கேளுங்கள்.

"நாணல்திட்டு, பக்கிரிசாமி மனைவி அஞ்சம்மாள் இறப்பு குறித்த விசாரணை. சாட்சிகள் சொன்னதைச் சாட்சிகளுக்கு வாசித்துக் காட்டுவது..."

நல்ல குரல். பெயர் கடைசியில்தான் வரும், தம்பி. முதலில் நடந்ததைச் சொல்வார்கள். வரிசை அப்படித்தான்.

"...மேற்குக் கரை உடைந்து உள்ளே நீர் நிரம்பிய நிலையில், கிழக்குக் கரையை வெட்டி நீரை வெளியேற்ற மேற்படி அஞ்சம்மாள் முயன்றதாகவும், அப்போது வெட்டியிருந்தால் வீடுகளில் நீர்மட்டம் இறங்கி, பக்கிரிசாமியை ஆட்கள் நடந்துபோய்த் தூக்கிவந்திருக்க முடியும் என்றும் சாட்சிகள் அனைவரும் ஒரே விதமாகக் கூறுகிறார்கள்..."

இதை எதற்கு இப்போது? ஏசுவடியான் பேச்சை எடுக்கவே இல்லையே. இருங்கள். வரும்.

"...கரையின் குறுக்கே படுத்து, வெட்டவிடாமல் தடுத்து, மேற்படி இறப்புக்குக் காரணமானவர் என்று சாட்சிகள் சொல்லும் நபரின் பெயர், கோரிக்கையின்படி மூன்று தரம் வாசிக்கப்படுகிறது. ஒன்று. நாணல்திட்டு, பஞ்சநாதன் மகன் உத்திராபதி."

...

வேண்டாம் தம்பி. அந்தத் திருகில் கை வைக்காதீர்கள். சத்தத்தைக் குறைக்காதீர்கள். மூன்று தரம் என்று கேட்டவன் நான்.

"இரண்டு. நாணல்திட்டு, பஞ்சநாதன் மகன் உத்திராபதி."

யாரும் எழுந்துபோகவில்லை, பார்த்தீர்களா? உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

"மூன்று. நாணல்திட்டு, பஞ்சநாதன் மகன் உத்திராபதி."